ஞானசௌந்தரியின் கைகள்

சில வருஷங்களுக்கு முன்னால் மைசூர்த் தமிழர்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து மறந்து போகிறது, காதாவது தமிழில் நிற்கட்டும், மாதம் ஒரு பழைய படம் திரை கட்டிப் போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. பட்டியல் எழுதினோம். முதல் பெயர் திருவிளையாடல் (1965). நாலைந்து பெயர் தாண்டியதும் யாரோ அன்னை வேளாங்கண்ணி (1971) என்றார். உடனே இன்னொருவர், "மதப் படமெல்லாம் வேண்டாம் சார், வீண் வம்பு" என்றார். அந்தப் பெயர் எழுதப்படாமலே போயிற்று. பட்டியலின் தலையில் உட்கார்ந்திருந்த திருவிளையாடல் எந்த வகைப் படம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றியது. ஆனால் கேட்கவில்லை. கடைக்காரன் புத்தி, வாடிக்கையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று சும்மா இருந்துவிட்டேன்.

மறுநாள் விஜயநகர் இரண்டாம் ஸ்டேஜில் இருக்கும் என் பாத்திரக் கடைக்கு ஒரு டீச்சரம்மா வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எப்படியோ சேதி போயிருக்கிறது. குக்கருக்கு வளையம் வாங்கிக்கொண்டே, "அண்ணாச்சி, நீங்களும் அங்கனதான இருந்தீய?" என்றார். இருந்தேன் என்றேன். "வேளாங்கண்ணிப் படம் ஆர்.சி.காரங்க படம். நாங்க சி.எஸ்.ஐ., எங்க வீட்டுல மாதா படமே கிடையாது. அதுக்காகச் சொல்லல. சாமி படம்னா அது தமிழ்ப் படம், எங்க படம்னா அது மதப் படமா?" என்று கேட்டுவிட்டு, பாக்கிச் சில்லறையைக்கூட எண்ணாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று அவருக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன். சினிமா பற்றி எழுதப் பட்டம் எதுவும் என்னிடம் இல்லை. பழைய புத்தகமும் பழைய படமும் நிறையப் பார்த்தவன், அவ்வளவுதான்.

முதலில் வரலாற்றைச் சரிபார்க்க வேண்டும். தமிழனுக்குச் சினிமாவைத் தூக்கிக்கொண்டு வந்தவரே ஒரு கிறிஸ்துவர். கோயமுத்தூரில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வேயில் படம் வரையும் வேலையில் இருந்தார். 1905இல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அவர் கொண்டுபோன சுருள்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. ஆகவே நம் பாட்டன் பூட்டன் பலர் வெள்ளைத் துணியில் முதன்முதலாக அசையக் கண்ட தெய்வம் இயேசுநாதர்தான். வடக்கிலும் இப்படியேதான். 1910 வாக்கில் பம்பாயில் கிறிஸ்துவின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்த தாதாசாகேப் பால்கேவுக்கு, நம் கிருஷ்ணனை இப்படிக் காட்டினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. அந்தப் பொறிதான் 1913இல் ராஜா ஹரிச்சந்திராவாக வந்தது. திருவிளையாடலுக்கே மூதாதை ஒரு கிறிஸ்துவப் படம் என்று நான் சொன்னால் அந்தக் கூட்டத்தில் சிரித்திருப்பார்கள். கணக்கு அப்படித்தான் வருகிறது.

சினிமாவுக்கு முன்னாலும் இந்த மதம் தமிழனின் பாட்டோடும் ஆட்டத்தோடும் கலந்தேதான் இருந்தது. வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணி பாடினார். 36 படலம், 3615 பாட்டு, சூசையப்பரே காப்பியத் தலைவர். அந்தக் காப்பிய நடையை அவர் எங்கே கற்றார்? எங்கள் திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியில். இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார் சமண முனிவரைக் குருவாக வைத்துக்கொண்டு சூசையப்பரைப் பாடியிருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, ஒளிப்பானேன். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் குறத்தி வந்து குறி சொல்லும் குறவஞ்சியை எடுத்துக்கொண்டு பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். இவர்கள் யாரும், ஜனங்கள் ரசிக்கும் வடிவம் தீட்டு என்று ஒதுங்கவில்லை. யாழ்ப்பாணம், மன்னார்க் கரையோரக் கத்தோலிக்கர் விடியவிடியக் கூத்தாடினார்கள். சிவகங்கைச் சீமை இடைக்காட்டூரில் பாஸ்கா நாடகம் இன்றும் பேர் பெற்றது.

இப்போது படங்களுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் அடுக்கப் போவதில்லை. என் மனசில் நிற்பவை மட்டும்.

1948இல் ஞானசௌந்தரி கதையை ஒரே சமயத்தில் இரண்டு கம்பெனிகள் எடுத்தன. ஒன்று ஜெமினி வாசன். அவரை எதிர்த்து நிற்க அன்றைக்கு யாருக்குத் துணிவு வரும்? இன்னொன்று ஜோசப் தளியத்தின் சிட்டாடல். எப். நாகூர் இயக்கிய சிட்டாடல் படம்தான் ஜெயித்தது. ஜெமினி தன் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சந்திரலேகா வந்த அதே வருஷத்தில் ஜெமினி இப்படிப் பின்வாங்க நேர்ந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஞானசௌந்தரியாக நடித்த எம்.வி. ராஜம்மா நம் கர்நாடகத்துக்காரர், கன்னடத்தில் சொந்தமாகப் படம் எடுத்த முதல் பெண்மணி. கதாநாயகன் டி.ஆர். மகாலிங்கம். இசை எஸ்.வி. வெங்கட்ராமன். 1945இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் மீராவுக்கு இசையமைத்தவர் இவர்தான். கண்ணனுக்கு உருகிய அதே கை மூன்று வருஷம் கழித்து மாதாவுக்கு உருகியது. படத்தில் வரும் மாதா பிரார்த்தனைப் பாட்டை ஜிக்கியும் பி.ஏ. பெரியநாயகியும் பாடியிருப்பார்கள். சிறுமி பாட ஆரம்பித்த பாட்டை வளர்ந்த பெண் முடிப்பாள். அந்தப் பாட்டைக் கோயில் பாட்டு, சர்ச் பாட்டு என்று யார் பிரித்தார்கள்? ரேடியோவில் வந்தால் எல்லா வீட்டிலும் ஒலித்தது.

நான் இந்தப் படத்தைப் பார்த்தது வந்தவாசிப் பக்கத்தில் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில், மறு வெளியீடாக, ஒன்பது பத்து வயதில். நாங்கள் தமிழ்ச் சமணர், நயினார் என்பார்கள். பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. ஆகவே சூரியன் இறங்குமுன் சாப்பிட்டு முடித்து, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி, மணல் குவித்து உட்காருவோம். முறுக்கு விற்பவன் போவான், பார்த்துக்கொண்டிருப்போம். சிற்றன்னையின் சூழ்ச்சியால் ஞானசௌந்தரியின் கைகள் வெட்டப்படுகின்றன. காட்டில் கிடந்தவளை இளவரசன் கண்டு மணக்கிறான். அவன் போருக்குப் போன சமயத்தில் கடிதத்தை மாற்றி அவளை மறுபடி காட்டுக்கு விரட்டுகிறார்கள். பாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வரும் வழியில், "அஞ்சனையும் இப்பிடித்தான்டா காட்டுல நின்னா" என்றாள்.

பாட்டி சொன்ன அஞ்சனை கதை பலருக்குத் தெரிந்திருக்காது. எங்கள் சமண ராமாயண மரபில் அனுமனின் தாய் அஞ்சனாதேவிக்குப் பெரிய கதை உண்டு. கணவன் பவனஞ்சயன் போருக்குப் போகிறான். இடையில் ஓர் இரவு ரகசியமாக வந்து மனைவியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். அவள் கருவுற்றதும் மாமியார் பழி சுமத்தி வெளியே தள்ளுகிறாள். பிறந்த வீடும் கதவைச் சாத்துகிறது. காட்டுக் குகையில் பிள்ளை பெறுகிறாள். சிந்தாமணியில் விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பிச் சுடுகாட்டில் சீவகனைப் பெறுகிறாள். கண்ணகி, சீதை, நல்லதங்காள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கை வெட்டுண்ட பெண்ணின் கதை ஐரோப்பாவில் பல நூற்றாண்டாகச் சொல்லப்பட்டது. இங்கே வந்தபோது உட்காரப் பாய் தயாராக விரித்துக் கிடந்தது. சங்கரதாஸ் சுவாமிகளே இதை நாடகமாக்கியவர்தான். பாட்டி மதம் மாறவும் இல்லை, படத்தை அந்நியம் என்று தள்ளவும் இல்லை. தன் வீட்டுக் கதையாகவே பார்த்தாள்.

இங்கே விமர்சனமாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதையில் மாதாவின் அருளால் கைகள் திரும்ப வருகின்றன. ஆனால் படம் பார்த்தவர் யாரைக் கேட்டாலும் கை வந்ததைச் சொல்லமாட்டார், கை போனதைச் சொல்வார். பெற்ற பிள்ளையை ஏந்தக் கையில்லாத தாய் என்பதைவிடப் பெரிய துயரத்தை எந்த வசனகர்த்தா எழுதிவிட முடியும்? அந்தத் துயரத்தில் நம்மை நெடுநேரம் உட்கார வைத்த பிறகுதான் அற்புதம் நடக்கிறது. அதனால் அற்புதம் சம்பாதித்த காசு மாதிரி கனமாக இருக்கிறது. பக்திப் படத்துக்கு நான் வைத்திருக்கும் தராசு இதுதான். இழப்பு எவ்வளவு எடை, அற்புதம் எவ்வளவு எடை என்று பார்ப்பேன். (1953இல் அதே நாகூர் இயக்க, எம்.ஜி.ஆர். நடித்து ஜெனோவா வந்தது. தமிழிலும் மலையாளத்திலும் எடுத்தார்கள். அதுவும் பழி சுமந்து காட்டுக்குப் போன மனைவி கதைதான். ஞானசௌந்தரி நின்ற மாதிரி அது ஜனங்கள் மனசில் நிற்கவில்லை.)

இந்தத் தராசில் வைத்தால் அன்னை வேளாங்கண்ணி கொஞ்சம் மேலே எழும்பிவிடுகிறது. நடன மாஸ்டர் தங்கப்பன் இயக்கிய படம். ஜெமினி கணேசன், பத்மினி, ஜெயலலிதா என்று பெரிய பெரிய நட்சத்திரங்கள். இசை ஜி. தேவராஜன். கடவுள் நம்பிக்கை இல்லாதவர், இடதுசாரி நாடக மேடையில் பேர் வாங்கியவர். அவர் போட்ட மாதா பாட்டு இன்றைக்கும் திருவிழாவில் ஒலிக்கிறது. பாலோடு போன இடையச் சிறுவன், மோர் விற்ற ஊனமுற்ற பையன், புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகள் என்று வேளாங்கண்ணியின் மூன்று வரலாறும் மைசூரிலிருந்து மயிலாடுதுறை ரயிலேறிப் போய்வரும் எல்லோருக்கும் தெரியும். அதில் பாதிப் பேர் இந்துக்கள், என் மனைவியும் ஒரு தடவை போய் வந்தவள். படத்தின் குறை, அற்புதத்தை அடுத்து அற்புதம் என்று மாலையாகக் கோத்துவிட்டதுதான். மோர்க்காரப் பையன் நடக்க ஆரம்பித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் நடக்காமல் இருந்த வருஷங்கள் எப்படிக் கழிந்தன என்று படம் என்னிடம் சொல்லவே இல்லை. இது கிறிஸ்துவப் படத்துக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைய நம் புராணப் படங்களுக்கெல்லாம் உள்ளதுதான். அந்த அச்சில்தான் இதையும் வார்த்தார்கள். பார்க்கப்போனால் திருவிளையாடலையும் இதையும் ஒரே பட்டியலில் வைக்க இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்!

இயேசுவின் கதையையே நேராக எடுத்த படங்களில் பெரியது தெலுங்கில் வந்த கருணாமயுடு (1978). தமிழில் கருணாமூர்த்தி என்று வந்தது. இயக்கியவர் நம் ஏ. பீம்சிங். அவர் 1978 ஜனவரியில் காலமானார், படம் அந்த வருஷக் கடைசியில் வெளிவந்தது. இயேசுவாக நடித்த விஜயசந்தர் பிறகு 1986இல் ஷீரடி சாய்பாபாவாக நடித்தார். ஆந்திரத்தில் ஒரே முகம் கிறிஸ்துவர் வீட்டிலும் பாபா பக்தர் வீட்டிலும் கும்பிடு வாங்கியது. நடிகனின் முகம் தெய்வத்தின் முகம் ஆகலாமா என்பது எங்கள் மரபிலும் உள்ள கேள்விதான். தீர்த்தங்கரராக ஒருவர் வேஷம் கட்டுவதைப் பெரியவர்கள் விரும்பமாட்டார்கள். பென்ஹர் (1959) எடுத்தவர்கள் இயேசுவின் முகத்தைக் காட்டாமலே படத்தை முடித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. 1979இல் லூக்கா சுவிசேஷத்தை வைத்து எடுத்த ஆங்கில இயேசு படம் 2000க்கும் மேற்பட்ட மொழிகளில் பேசியிருக்கிறது. தமிழிலும் பேசும். கிராமத்தில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டுவார்கள். அது ஊழியத்துக்கான கருவி, அதை நான் படமாக வைத்து மதிப்பிடப் போவதில்லை.

பீம்சிங்கைப் பொறுத்தவரை, மதத்தைப் பற்றி அவர் எடுத்த பெரிய படம் கருணாமூர்த்தி இல்லை என்பேன். பாவமன்னிப்பு (1961) தான். தலைப்பே சர்ச்சிலிருந்து வந்த சொல். முஸ்லிம் வீட்டில் வளர்ந்த ரஹீமாக சிவாஜி, கிறிஸ்துவ வீட்டில் வளர்ந்த மேரியாக தேவிகா. ரஹீம் முகத்தில் அமிலம் ஊற்றப்படுகிறது. நடிகர் திலகத்தின் முகத்தையே கெடுத்து வைத்துக்கொண்டு மீதிப் படத்தை ஓட்ட அந்தக் காலத்தில் என்ன தைரியம் வேண்டும்! வானத்திலிருந்து யாரும் இறங்கி வந்து அவனைக் காப்பாற்றவில்லை. மன்னிப்பு மட்டும் மனுஷனுக்கு மனுஷன் நடக்கிறது. என் தராசு இங்கே நேராக நிற்கிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2004இல் மெல் கிப்சன் எடுத்த பேஷன் ஆப் தி கிரைஸ்ட் வந்தது. அராமிக், லத்தீன் பேச்சு, கீழே எழுத்து. டீச்சரம்மா பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றார். நான் பாதியில் எழுந்துவிட்டேன். கொல்லாமை ரத்தத்தில் ஊறியவனுக்கு அத்தனை சாட்டையடி தாங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காரணம் அது மட்டுமில்லை. கழுகுமலைப் பாறையில் பார்சுவநாதர் சிற்பம் இருக்கிறது. எதிரி மேலிருந்து பாறையைத் தூக்கி வருகிறான். தரணேந்திரன் படம் விரித்துக் காக்கிறான். நடுவில் நிற்பவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அந்தச் சிற்பி துன்பத்தை மறைக்கவில்லை, பாறை அங்கேதான் இருக்கிறது. ஆனால் நம் கண்ணை முகத்துக்குக் கொண்டுபோகிறான். கிப்சன் நம் கண்ணை முதுகுக்குக் கொண்டுபோய் அங்கேயே ஆணியடித்துவிட்டார். டீச்சரம்மா இதை ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணாச்சி, ஒங்க சாமி தாங்கிக்கிட்டாரு, எங்க ஆண்டவர் எங்களுக்காகப் பட்டாரு. பட்டத காட்டாண்டாமா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை.

பக்திப் படத்தை விட்டுச் சாதாரணப் படத்துக்கு வந்தால் கதை வேறு. சினிமாவில் கிறிஸ்துவப் பெண் என்றால் ரொம்ப காலம் ஒரு கவுன், ஒரு கிளப் டான்ஸ், பெயர் ரீட்டா அல்லது ஜூலி. டீச்சரம்மா பிறந்ததிலிருந்து சேலை தவிர வேறு கட்டியதில்லை, வீட்டில் பேசுவது சுத்தமான தாமிரபரணித் தமிழ். எனக்கு இந்த வலி நன்றாகத் தெரியும். சினிமாவில் சமணன் என்றால் அடகுக்கடைச் சேட்டு, "நம்பிள்கி", "நிம்பிள்கி" என்று பேசுவான். இந்த ஊரில் கடை வைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வரும் தமிழர் இன்றும் என்னிடம், "சேட்டு, தமிழ் நல்லா பேசறீங்களே!" என்கிறார்கள். சிலப்பதிகாரம் எழுதிய மதத்துக்காரனுக்கு இந்தப் பாராட்டு! எங்களவர் ஒருவரைத் தமிழ்த் திரை மரியாதையோடு காட்டியது என்றால் எனக்குத் தெரிந்து பூம்புகார் (1964) தான். கவுந்தியடிகளாகக் கே.பி. சுந்தராம்பாள். வசனம் கலைஞர். நாத்திகர் எழுத, முருக பக்தை நடிக்க, ஒரு சமணத் துறவி திரையில் நடந்து வந்தார். கோவலன் இறந்த சேதி கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டவர் கவுந்தி என்பது காப்பியத்தில் இருக்கிறது.

பாரதிராஜாவின் அலைகள் ஓய்வதில்லை (1981) முட்டத்துக் கடற்கரையில் எடுத்தது. கடைசியில் பையன் பூணூலை அறுக்கிறான், பெண் சிலுவையைக் கழற்றுகிறாள். அந்தக் காலத்தில் கைதட்டினோம். இப்போது பார்த்தால், காதலிக்க வேண்டுமென்றால் மதத்தை எறிந்தாக வேண்டுமா என்று ஒரு சந்தேகம் வருகிறது. வெளியூரில் பெண்ணைப் பெற்றவர்கள் பலருக்கு இந்தச் சந்தேகம் ஏட்டுக் கேள்வியாக இல்லை. 2013இல் மணிரத்னத்தின் கடல் வந்தது. கதை ஜெயமோகன். பாழடைந்த கடலோரச் சர்ச்சுக்கு வரும் பாதிரியார் சாம், ஊர் தூக்கியெறிந்த அநாதைப் பையன் தாமஸ். முதல் பாதியில் அந்தப் பாதிரியார் மதிக்காத ஜனங்களிடம் தினம் தினம் போய் நிற்பது மிக நல்ல சினிமா. விசுவாசம் என்பது அங்கே ஒரு வேலையாக, தேய்த்துக் கழுவும் வேலையாகத் தெரிகிறது. பிறகு அர்ஜுன் வந்து நான் சாத்தான் என்று பேச ஆரம்பித்ததும் மனிதர்கள் மறைந்து தத்துவம் மட்டும் சத்தம் போடுகிறது. படம் ஓடவில்லை. ஆனாலும் தமிழில் ஒரு பாதிரியாருக்குச் சந்தேகமும் கோபமும் இருக்கலாம் என்று காட்டிய படம் அது. அதற்குமுன் பாதிரியார் என்றால் வெள்ளை அங்கி, நல்ல வார்த்தை, இரண்டாம் ரீலில் மரணம்.

மைசூருக்கு வரும் உறவினர்களை எல்லாம் நாம் பிலோமினா சர்ச்சுக்குக் கூட்டிப்போகிறோம். அரண்மனை, சாமுண்டி மலை, அடுத்து அந்த இரட்டைக் கோபுரம். யாரும் மதச் சுற்றுலா வேண்டாம் என்று சொன்னதில்லை. கல்லில் கட்டியதை நம் ஊர்ச் சொத்து என்று காட்டத் தெரிந்த நமக்கு, சினிமாச் சுருளில் இருப்பதை அப்படிச் சொல்ல ஏன் நா எழவில்லை என்று நான் என்னைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்று போட்ட திட்டம் இரண்டு படத்தோடு நின்றுபோயிற்று, மின்சாரம், இடம், ஆள் என்று ஆயிரம் காரணம். இப்போது மறுபடி பேச்சு எழுந்திருக்கிறது. இந்தத் தடவை நான் முன்கூட்டியே டீச்சரம்மா வீட்டுக்குப் போய் ஒரு பட்டியல் கேட்டேன். முத்து முத்தான எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். முதலில் பாவமன்னிப்பு, அடுத்து ஞானசௌந்தரி, மூன்றாவது திருவிளையாடல். நாலாவதாகப் பூம்புகார் என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக, "அண்ணாச்சிக்கு" என்று போட்டிருக்கிறார். அதை அப்படியே கூட்டத்தில் வாசிக்கப் போகிறேன்.